பதினாலாம் பக்கத்துப் பின்னூட்டம்

பதினாலாம் பக்கம், மேலிருந்து நாலாவது. கடை நோட்டின் பின்னட்டையில் இதை எழுதிய அந்த நிமிஷம் என் புத்தியைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். திரையில் ஒரு போன் நம்பர் இருந்தது. அதை விட்டுவிட்டு இதை எழுதினேன். எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது, இன்னும் ஆறவில்லை.

2005, ஆவணி மாதம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், மூலையில் வெளிநாட்டுக்குப் பேசும் ஒரு கண்ணாடிக் கூண்டு. என் வீட்டுக்காரர் அதற்கு முந்தைய வருஷம் கட்டட வேலை என்று சொல்லி வளைகுடாவுக்குப் போயிருந்தார். அதுவரை உப்பளத்தில் வரப்புக் கட்டுவதும் உப்பு வாருவதுமாக இருந்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கடை நம்பருக்குப் போன் வரும். "இன்னா, இன்னிக்கு எந்தப் பேப்பரைப் படிச்சே?" என்றுதான் ஆரம்பிப்பார். பஜ்ஜி மடித்துவந்த காகிதத்தைக்கூட எண்ணெய் சொட்டச் சொட்டப் படிப்பவள் நான். அதில் அவருக்கு அப்படி ஒரு கேலி.

சித்திரைக்குப் பிறகு போன் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பார்த்தேன். கம்பெனி நம்பர் செத்துக் கிடந்தது. அனுப்பிவைத்த ஏஜென்ட் வீட்டுக் கதவில் பூட்டு. வைகாசி, ஆனி, ஆடி போயிற்று. ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் சோறு தின்பது எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தின்றேன், அவ்வளவுதான். என் அத்தை, அவரைப் பெற்றவள், விடிகாலை உப்பளத்துக்குப் போய்விட்டு மத்தியானம் நேராகக் கடைக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். திரும்பிப் போய்விடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லை. ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து வைத்திருந்தேன். வளைகுடாவில் கம்பெனிக்காரன் கைவிட்டு ஓடியதில் முகாமிலேயே சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கும் கூலிக்காரர்களைப் பற்றி ஒரு செய்தி. அதற்குக் கீழே படித்தவர்கள் எல்லாம் கருத்து எழுதியிருந்தார்கள். பின்னூட்டம் என்பார்கள் அதை. பக்கத்துக்குப் பத்து பின்னூட்டம். புதிதாக எழுதியது மேலே வரும், பழையது கீழே போகும், அதற்கும் பழையது அடுத்த பக்கத்துக்குப் போகும். உலகம் முழுக்க இருக்கும் தமிழர்களின் பாதி அழுகை, பாதி சண்டை அதில். நான் விடாமல் படித்துக்கொண்டே போனேன். பதினாலாம் பக்கத்தில் இது இருந்தது.

"நான் இந்தச் செய்தியில் உள்ளது போன்ற ஒரு முகாமில் இருக்கிறேன். எங்களோடு மரக்காணத்து உப்பளத்து ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவி இன்டர்நெட் கடையில் வேலை செய்கிறாராம். கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாராம். எங்கே எழுதினாலும் பார்த்துவிடுவார் என்று சொல்லி என்னை எழுதச் சொன்னார். உடம்பு சரியில்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. இந்த நம்பருக்குப் பேசவும்."

கீழே நம்பர்.

ஐயோ என்று கத்தினேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நோட்டைப் புரட்டி, பின்னட்டையில், முதலில் இடத்தைக் குறித்தேன். தளத்தின் முகவரி, பதினாலாம் பக்கம், மேலிருந்து நாலாவது. பிறகு நம்பரை எழுத ஆரம்பித்தேன். நாட்டின் எண்ணை எழுதி, அதற்கு மேல் இரண்டு எண் எழுதியபோது கரண்ட் போயிற்று.

ஏன் முதலில் இடத்தைக் குறித்தேன் என்று கேட்பீர்கள். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள் வேறு எப்படிச் செய்வாள்? எங்கள் பக்கம் ஒருத்தர் எங்கே இருக்கிறார் என்றால், மூணாம் வாய்க்கால் எட்டாம் பாத்தி என்போம். உப்பு விளையும் அந்தச் சதுரப் பாத்திகளுக்கு, வாய்க்கால் மடையிலிருந்து, முதல் முதலில் வெட்டியதிலிருந்து, எண்ணிக்கை. ஐப்பசி மழையில் வரப்பெல்லாம் கரைந்து அத்தனையும் ஒரே ஏரியாகிவிடும். தை பிறந்து திரும்பக் கட்டும்போதும் எட்டு எட்டுதான். இரண்டு பாத்தியை ஒன்றாக்கினாலும் அடுத்ததன் எண்ணை மாற்றமாட்டார்கள். பாழாய்ப் போய் முள் முளைத்துக் கிடக்கும் பாத்திக்கும் எண் உண்டு, அதை வேறு எதற்கும் தரமாட்டார்கள். இடத்தைக் குறித்துவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். இடம் எங்கே ஓடிவிடப் போகிறது? அப்படித்தான் நினைத்தேன், மடச்சி.

கரண்ட் அன்று திரும்பி வரவே இல்லை. ஏதோ வயர் அறுந்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அத்தையிடம் சொன்னபோது அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உயிரோட இருக்கானா? நெசமா இருக்கானா?"

"இருக்காரு அத்தை. நம்ம ஊரு பேரு போட்டிருக்குது. என்னைப் பத்தி எழுதியிருக்குது."

"உடம்புக்கு இன்னாவாம்?"

"அதைப் போடல. நாளைக்கு கலெக்டர் ஆபீசுல மனு வாங்குற நாள் இல்ல? மொத பஸ்ல போயிடலாம். எடம் குறிச்சு வெச்சிருக்கேன், அவங்களே தொறந்து பார்த்துப்பாங்க."

திங்கட்கிழமை காலை முதல் பஸ். அந்த அலுவலகத்தில் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கென்று ஒரு அதிகாரி இருந்தார். எங்கள் மனுவை ஏற்கெனவே இரண்டு தடவை வாங்கி வைத்தவர், கெட்டவர் இல்லை. அவருடைய கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இருந்தது. நான் நோட்டை நீட்டினேன். தளம் திறந்தது. நல்லவேளையாக எழுத்து சரியாகத் தெரிந்தது. பதினாலாம் பக்கம் போனார். மேலிருந்து எண்ணினார். சத்தமாகப் படித்தார்.

ஒரு நடிகனின் படம் நூறு நாள் ஓடியதா, ஓட்டப்பட்டதா என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்டிருந்தான். கூடவே ஒரு கெட்ட வார்த்தை. அதையும் அவர் படித்துவிட்டு, பாதியில் நிறுத்தினார்.

"ஏம்மா, இதுல உன் வீட்டுக்காரரு எங்கம்மா இருக்காரு?"

அந்த அறையில் மனுவோடு நின்றிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. மூணாவது பாருங்க சார், அஞ்சாவது பாருங்க சார் என்றேன். எல்லாம் பார்த்தார். பதிமூன்று, பதினைந்து என்று பக்கத்தையும் மாற்றிப் பார்த்தார். இல்லை.

"நேத்து இருந்துது சார். என் கண்ணால படிச்சேன்."

"படிச்சிருப்பேம்மா, நான் இல்லேங்கல. நான் மேல எழுதணும்னா எனக்கு ஒரு நம்பர் வேணும், இல்ல திறந்தா அதே வர்ற மாதிரி ஒரு அட்ரஸ் வேணும். அங்க எம்பசியில தொறந்து பார்க்கும்போது சினிமாச் சண்டை வந்தா என்னைக் கேப்பானா மாட்டானா? கொண்டா, அன்னிக்கே ஃபேக்ஸ் அனுப்புறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது கூனிமேடு தாண்டியதும் அத்தை மெதுவாகக் கேட்டாள்: "நெசமா படிச்சியா, இல்ல நெனப்புல கனா கண்டியா?" எனக்கு வந்த கோபத்தில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்திருப்பேன். "ஆமா, பகல்ல கனாதான் காண்றேன், எனக்கு வேற வேலை?" என்று கத்தினேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

நேராகக் கடைக்குப் போனோம். கரண்ட் இருந்தது. அத்தையை என் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்துத் தளத்தைத் திறந்தேன். ஒரே நாளில் எண்பது பின்னூட்டம் புதிதாக வந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. புதிது மேலே வர வர, எல்லாம் கீழே தள்ளப்படுகிறது. நான் இடம் என்று எழுதிவைத்தது இடமே இல்லை. வரிசையில் நிற்பவனை "முன்னாலிருந்து நாலாவது ஆள்" என்று சொல்வதுபோல.

முதல் வேலையாக அங்கே இருந்த பெட்டியில் ஒரு பதில் எழுதினேன். குறிப்பிட்ட ஒருவருக்குப் பதில் போட அதில் வழி கிடையாது. யார் எழுதினாலும் முதல் பக்கத்தின் தலையில் போய் உட்காரும். "மரக்காணத்து உப்பளத்து ஆளைப் பற்றி எழுதிய அண்ணனுக்கு. நான்தான் அவர் மனைவி. படித்துவிட்டேன். அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். எங்கும் போகவேண்டாம். ஆபீஸில் சொல்லிவிட்டோம், ஆள் வருவார்கள்." கீழே கடை நம்பர். அத்தை ஒவ்வொரு வரியையும் என்னைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். "சாப்பிடச் சொல்லு" என்றாள். "சாப்பிடத்தானே அத்தை அங்க ஒண்ணும் இல்ல" என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது என் பதில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் தேடினேன். ஒரு பக்கம் திறக்க இரண்டு நிமிஷம் ஆகும் அந்த லைனில். அந்தத் தளத்துக்கென்று தனி எழுத்துரு, அதனால் இன்டர்நெட்டில் தேடல் பெட்டியில் எதைப் போட்டாலும் அதற்குள் இருப்பது எதுவும் சிக்காது. கண்ணால்தான் படிக்கவேண்டும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தடவை படித்தேன். இல்லை. திரும்பவும் முதலிலிருந்து. இல்லை. கடைசிப் பக்கத்திலிருந்து மேலே வந்தேன். அப்போதும் இல்லை. அழித்துவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன்.

விஷயம் அது இல்லை என்று பிறகு தெரிந்தது. தளத்தை நடத்துகிறவர் சண்டைக்காரர்களின் கெட்ட வார்த்தைகளை அவ்வப்போது கொத்தாக அழித்துக்கொண்டிருந்தார். நான் இருபதாம் பக்கத்தைப் படித்து முடித்து இருபத்தொன்றைத் திறப்பதற்குள் மேலே ஏழெட்டு அழிந்திருக்கும். இருபத்தொன்றில் இருந்த முதல் ஏழெட்டும் இருபதுக்கு ஏறிவிடும். அதாவது நான் பார்த்து முடித்துவிட்டேன் என்று விட்டுவந்த பக்கத்துக்கு. கீழிருந்து மேலே வந்தபோது புதியவை சேர்ந்து, அதே கூத்து தலைகீழாக. நான் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரரின் சேதி எனக்குப் பின்னால் வீடு மாறிக்கொண்டே இருந்தது.

புதன் சாயங்காலம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பக்கத்தின் அடியில் ஒரு மெயில் முகவரி இருந்தது. அதற்கு எழுதினேன். வணக்கம்கூடப் போடவில்லை. ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறான், அவன் சேதியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மறுநாள் காலையிலேயே பதில் வந்திருந்தது. அவர் ஏதோ வெளிநாட்டில் வேலை பார்க்கும் என்ஜினியர். ஆபீஸ் முடிந்து வந்து தனி ஆளாகத் தளத்தை நடத்துகிறவர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: "அம்மா, நல்ல கருத்துகளை நான் நீக்குவதில்லை. எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று சொன்னால் எடுத்துத் தருகிறேன்."

எந்தப் பக்கமாம்! எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது. விசைப்பலகையை உடைத்துவிடுவதுபோல் அடித்து எழுதினேன். "பதினாலாம் பக்கம். நேற்று அது இருபத்தைந்தாம் பக்கமாக இருந்திருக்கும். நாளைக்கு நாற்பதாம் பக்கம். இதை ஒரு முகவரி என்று வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா? எங்கள் உப்பளத்தில் படிக்காதவர்கள்தான் இருக்கிறார்கள். முதலில் வெட்டிய பாத்தி ஒன்று, அடுத்தது இரண்டு. நூறு புதுப் பாத்தி வெட்டினாலும் ஒன்று ஒன்றுதான். ஒன்று பாழானாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கமாட்டோம், வெறுமையாக விட்டுவைப்போம். நீங்கள் தினமும் காலையில் எழுந்து எல்லாப் பாத்திக்கும் எண்ணை மாற்றுகிறீர்கள். அப்புறம் எந்தப் பாத்தி என்று என்னைக் கேட்கிறீர்கள்."

வெள்ளிக்கிழமை கடைக்குப் போன் வந்தது. அவர்தான். என்னைவிட வயது குறைந்தவராக இருப்பார்போல, குரல் தயங்கியது.

"அக்கா, நீங்க சொன்னதுதாங்க சரி. ஒவ்வொரு கமெண்டுக்கும் உள்ள ஒரு நம்பர் இருக்குது, வந்த வரிசையில. அது மாறவே மாறாது. நான் அதை வெளிய காட்டாம வெச்சிருந்தேன். இப்போ அந்த நம்பரை வெச்சே லிங்க் பண்ணிட்டேன். அது இன்னிக்கு எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு சிஸ்டமே கணக்குப் போட்டு, அந்தப் பக்கத்தைத் தொறந்து, நேரா அந்த எடத்துல கொண்டுபோய் நிறுத்தும். நான் ஏதாவது நீக்கினாலும் அந்த நம்பர்ல 'நீக்கப்பட்டது'னு ஒரு வரி நிக்கும். வேற எதுவும் நகராது."

"எங்க வீட்டுக்காரரு சேதி?"

"உப்பளம்னு தேடினேன்க்கா. கிடைச்சுது. நாப்பத்தேழு. மெயில் போட்டிருக்கேன், பாருங்க."

திறந்தேன். முப்பத்தாறாம் பக்கம் வந்தது. அது தானாகவே சரசரவென்று கீழே இறங்கி, ஓரிடத்தில் நின்றது. "எங்களோடு மரக்காணத்து உப்பளத்து ஆள் ஒருவர் இருக்கிறார்." திரையைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் சின்னதாக 47 என்று போட்டிருந்தது.

உடனே கூண்டுக்குள் போய் அந்த நம்பரை அழுத்தினேன். நாலாவது தடவை கிடைத்தது. எழுதியவரே பேசினார். நான் யார் என்று சொன்னேன்.

"தங்கச்சி, இப்பவா போன் பண்றே?"

"அவருகிட்ட குடுங்கண்ணா."

"புதன்கிழமையே கிளம்பிட்டாரும்மா. தெனமும் கேப்பாரு, பதில் வந்துச்சா, எம் பொண்டாட்டி பார்த்தாளான்னு. நான் செவ்வாயும் போனேன், புதனும் போனேன், நெட்டுக் கடைக்கு. நான் போட்டப்ப மொதப் பக்கத்துல மேல இருந்துது. அங்க போய்ப் பார்த்தா என் கமெண்டே இல்ல. அழிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். அவருகிட்ட அப்படியே சொல்லிட்டேன். எழுதினதையே அழிச்சுட்டாங்கன்னா இனி யாரு வரப்போறாங்கன்னு சொன்னாரு. உங்க பக்கத்துக் குப்பத்து ஆளு ஒருத்தரு இங்க இருந்தாரு, அவரையும் கூட்டிட்டு எம்பசிக்குன்னு நடந்தே போயிட்டாரு. எவ்வளவோ சொன்னேம்மா, கேக்கல."

திங்கட்கிழமையே பதில் போட்டேனே என்பது தொண்டை வரை வந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். இன்னும் நல்லாத் தேடியிருக்கணும், இன்னும் நல்லாத் தேடியிருக்கணும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனுஷனும் என்னைப்போலத்தானே இடத்தை நம்பினார். விழுங்கிக்கொண்டேன்.

அதற்குள் ஆபீஸ் மூடியிருக்கும், சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை அந்த லிங்க்கைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டினேன். மூன்று தடவை மூடி மூடித் திறந்து பார்த்தார். மூன்று தடவையும் அதே இடத்தில் நின்றது. சொன்னபடி அன்றைக்கே அனுப்பினார். இரண்டு வாரத்தில் ஆட்கள் அந்த முகாமுக்குப் போய், அங்கே மிச்சம் இருந்தவர்களையெல்லாம் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். எழுதியவர் சென்னையில் வந்து இறங்கி எனக்குப் போன் செய்தார். இருந்தவர்கள் வந்துவிட்டார்கள். என்னுடையவர் இருக்கவில்லை.

அவர் வந்தது 2006 மாசியில். பாஸ்போர்ட் இல்லாமல் ரோட்டில் பிடிபட்டு, ஜெயிலில் கிடந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அத்தை அவர் காலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். கூடப் போன குப்பத்துக்காரர் வரவில்லை. நடக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் மத்தியானம், வெயில் தாங்காமல், ரோட்டோரத்திலேயே விழுந்து செத்துப்போனார். வந்த மூன்றாம் நாள் இவர் அந்த வீட்டுக்குப் போனார். அந்த மனுஷனின் பெண்டாட்டி கதவருகிலேயே நின்று, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "கூப்ட்டது யாரு?"

நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கப்புறம் உப்பளத்துக்குப் போகவில்லை. சரியாகப் பேசவில்லை. மத்தியானம் ஆனால் கடைக்கு வந்து, "அந்த நாப்பத்தேழைத் தொற" என்பார். திறப்பேன். தன் சேதியைப் படிப்பார். ஐந்தாவது வரை படித்தவர், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார்.

ஒரு நாள் சொன்னார்: "இதுக்கு அப்புறமா எழுதினதையெல்லாம் வரிசையாக் காட்டு. யாராச்சும் ஒருத்தராச்சும் பதில் போட்டாங்களா, இல்லையான்னு நானே பார்க்கணும்."

"எதுக்கு மாமா அதெல்லாம்? வெறும் சினிமாச் சண்டை."

"காட்டுன்னா காட்டு."

நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. ஒரு நாளைக்கு இருபது, முப்பது படித்தார். அந்தச் செய்தி பழசாகிப்போய்ப் புதிதாக யாரும் எழுதுவதில்லை, பக்கங்கள் நகராமல் அப்படியே நின்றன. என் பதிலின் எண் இருநூற்று அறுபத்தொன்று. திங்கட்கிழமை, தேதி, நேரம் எல்லாம் போட்டு, "அங்கேயே இருக்கச் சொல்லுங்கள், எங்கும் போகவேண்டாம்" என்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவர் கிளம்பியதற்கு இரண்டு நாள் முன்னால்.

அவர் நூற்று எண்பதைத் தாண்டியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அதைப் படித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலில் அவள் கேட்ட கேள்விக்குப் பிறகு, பதில் வராததால்தானே கிளம்பினேன் என்ற ஒன்றில்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதில் வந்திருந்தது, இரண்டு நாள் பொறுத்திருந்தால் போதும் என்று தெரிந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கிணறு.

தளத்துக்காரருக்கு மெயில் போட்டேன். இருநூற்று அறுபத்தொன்றை நீக்கிவிடுங்கள் என்று.

அன்றைக்கே போன் செய்தார். "அக்கா, அழியாத நம்பர் வேணும்னு சண்டை போட்டதே நீங்கதானே? இப்போ உங்களதையே எடுக்கச் சொல்றீங்களே?"

"நம்பர் இருக்கட்டும் தம்பி. எழுத்தை மட்டும் எடுத்துடுங்க."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். சரிக்கா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதை இப்போது எழுதலாம். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அத்தை அதற்கு முன்பே போய்விட்டாள். அன்று ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் கேட்டவள், சாகும்வரை மகனிடம் மூச்சுவிடவில்லை. வாயைத் திறந்தால் என்னோடு சண்டைதான் போடுவாள், ஆனால் இதை மட்டும் சொல்லவில்லை.

அவர் இருநூற்று அறுபத்தொன்றுக்கு வந்த அன்றைக்கு நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். விரலைத் திரையில் வைத்துக் கூட்டிப் படித்தார். "நீக்... கப்... பட்டது."

"எவனோ கெட்ட வார்த்தை எழுதியிருப்பான் போல" என்றார். அங்கங்கே சண்டைக்காரர்களுடையதும் அப்படி நீக்கப்பட்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்ததற்குப் போனார். இன்னும் ஒரு வாரம் படித்து, கடைசிப் பின்னூட்டம் வரை போய், எழுந்து நின்று சோம்பல் முறித்தார். வந்து இத்தனை நாளில் அப்படி அவர் செய்து அன்றுதான் பார்த்தேன்.

"ஒருத்தரும் பதில் போடல" என்றார்.

"ம்."

"நீ படிச்சே இல்ல? நீயாச்சும் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?"

"கரண்டு போயிடுச்சு மாமா."

என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. இருக்கட்டும் என்று நின்றேன்.

"அப்போ நான் கிளம்பினதுல தப்பு இல்ல" என்றார். "இல்ல?"

"தப்பே இல்ல மாமா" என்றேன்.

மறுநாள் காலையில் உப்பளத்துக்கு வேலைக்குப் போனார்.